தொடக்கப் பள்ளிக்கும் ஒரு விளையாட்டு ஆசிரியை வேண்டும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்ற பழமொழியை நாங்கள் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம். 'உடற்பயிற்சியின் அவசியம்' என்று தலைப்புக் கொடுத்தால் போதும், முதல் வரியிலேயே அந்தச் சுவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். மதிப்பெண்ணும் வாங்கிவிடுவோம். ஆனால் அந்தச் சுவரை எந்த வயதில் எழுப்ப வேண்டும், எழுப்புகிற கொத்தனார் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தக் கல்வியாண்டில்தான் யோசிக்க நேர்ந்தது. அதை எங்கள் அன்புத் தோழியரோடும், மதிப்பிற்குரிய சிஸ்டர்களோடும், பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

எங்கள் வகுப்பில் விழுப்புரத்துப் பெண்களும் இருக்கிறோம். திண்டிவனத்துப் பெண்களும் இருக்கிறோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ரயில் போகும் அந்த வழியில், கரும்புக் கொல்லைகளுக்கும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் நடுவே எத்தனையோ சிறு பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு, ஜே.ஆர்.சி. சார்பில், மாதம் இருமுறை வெள்ளிக்கிழமை பிற்பகலில் சென்று குழந்தைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியைகள், 42 குழந்தைகள், ஒரு வேப்பமரம். அதுதான் அந்தப் பள்ளி.

முதல் நாள் நாங்கள் மிகுந்த உற்சாகத்தோடு போனோம். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டோம். உயர வாரியாக வரிசையில் நிறுத்தி, "அட்டென்ஷன்" என்று கத்தினோம். பிறகு சுண்ணாம்புப் பொடியால் வட்டங்கள் போட்டு, விசில் ஊதியதும் ஓடிப்போய் வட்டத்துக்குள் நிற்க வேண்டும், வட்டம் கிடைக்காதவர் 'அவுட்' என்று ஆட்டத்தைத் தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் ஒரு வட்டத்தை அழித்தோம். குழந்தைகளின் கூச்சல் வானைப் பிளந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் விசிலிலேயே அவுட்டானவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. சிரித்துக்கொண்டே போய் வராண்டாப் படியில் உட்கார்ந்தாள். ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருந்தாள். இரண்டு வாரம் கழித்து நாங்கள் மறுபடி போனபோது, வரிசையில் நிற்கும் முன்பே எங்களிடம் ஓடிவந்து, "அக்கா, நான் எல்லாரு செருப்பையும் பாத்துக்கிறேங்க்கா" என்றாள். என்ன பொறுப்புள்ள பெண் என்று எங்களில் ஒருத்தி அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். அன்று முழுவதும் 41 ஜோடிச் செருப்புகளுக்கு அவள் காவல் இருந்தாள்.

திரும்பி வந்து இதையெல்லாம் எங்கள் பி.டி. மிஸ்ஸிடம் சொல்லிச் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. "நன்றாக ஓடத் தெரிந்த பிள்ளை எவ்வளவு நேரம் ஓடினாள்? ஓடத் தெரியாத பிள்ளை எவ்வளவு நேரம் ஓடினாள்?" என்று மட்டும் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்குப் போடத் தெரியாத பிள்ளையை முதல் கணக்கிலேயே வெளியே அனுப்பிவிட்டு, நன்றாகப் போடுகிறவளுக்கே மேலும் மேலும் கணக்குக் கொடுத்தால் அந்த ஆசிரியையைப் பற்றி என்ன சொல்வோம்? நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம். அந்தச் சிறுமி செருப்பைப் பார்த்துக்கொள்ள முன்வந்தது பொறுப்பினால் அன்று. மறுபடியும் எல்லார் முன்னிலையிலும் முதலில் வெளியே போக மனமில்லாததால்.

அன்றிலிருந்துதான் நாங்கள் உடற்கல்வியைப் 'பாடம்' என்று நினைக்கத் தொடங்கினோம். மிஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவை எளியவைதான். சிறு குழந்தைகளின் உடல் கற்றுக்கொள்ள வேண்டிய அசைவுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, இடம்விட்டு இடம் பெயர்வது: ஓடுதல், தாவுதல், குதித்தல், நொண்டியடித்தல். இரண்டாவது, நிலை தவறாமல் இருப்பது: ஒற்றைக் காலில் நிற்றல், கோட்டின்மேல் நடத்தல், வளைதல், உருளுதல். மூன்றாவது, பொருளைக் கையாள்வது: எறிதல், பிடித்தல், உதைத்தல், அடித்தல். எழுத்துக் கூட்டத் தெரிந்தால்தான் புத்தகம் படிக்கலாம் என்பதுபோல, இவை தெரிந்தால்தான் பிற்காலத்தில் எந்த விளையாட்டையும் ஆடலாம். வயது ஏறினால் இவை தானாக வந்துவிடும் என்று நினைப்பது தவறு. பழக்கினால்தான் வரும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

நம் பாட்டிமார் இவற்றையெல்லாம் விசில் இல்லாமலே கற்றிருந்தார்கள் என்பது வியப்பான செய்தி. பாண்டி ஆட்டத்தில் நொண்டுதலும், நிலைநிற்றலும், குறிபார்த்துச் சில்லு எறிதலும் ஒருங்கே இருக்கின்றன. கல்லாங்காயில் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றன. கிளித்தட்டில் எதிரியை ஏமாற்றி விலகி ஓடும் வித்தை இருக்கிறது. பச்சைக் குதிரையில் தாவுதலும், கிட்டிப்புள்ளில் அடித்தலும் இருக்கின்றன. பாரதியார் தம் பாப்பாப் பாட்டைத் தொடங்கும்போதே விளையாட்டைத்தான் முதலில் வைத்தார். பாடமும் பண்பும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

மிஸ் சொன்ன இன்னொரு கணக்கு எங்களை வெட்கப்பட வைத்தது. 42 குழந்தைகள், ஒரே பந்து, அரைமணி நேரம். எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டாலும் ஒரு குழந்தையின் கையில் பந்து முக்கால் நிமிடம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்பதுதான் 'விளையாட்டு'. அதே குழந்தைகளை ஏழு ஏழு பேராக ஆறு குழுக்களாகப் பிரித்து, ஆறு பந்து கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் நான்கு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. ஆறு பந்துக்கு எங்கே போவது? பழந்துணியைச் சுருட்டி, கிழிந்த காலுறைக்குள் திணித்துத் தைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எட்டுப் பந்துகள் ஆயின. முகத்தில் பட்டாலும் வலிக்காது என்பதால் பயந்த பிள்ளைகளும் கண்ணை மூடாமல் பிடிக்கப் பழகினார்கள். பழைய சைக்கிள் டயர்கள், மண் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள், தாம்புக் கயிறு இவ்வளவே மற்ற சாமான்கள். 'அவுட்' என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். வட்டம் கிடைக்காதவர் ஐந்து முறை குதித்துவிட்டு மறுபடி ஆட்டத்தில் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இனி எங்கள் கருத்துக்கு வருகிறோம். பதினைந்து வயதுப் பெண்கள் மாதம் இருமுறை வந்து செய்யும் இந்த வேலை யாருடைய வேலை?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுச் சாமான்கள் தர வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கென்று பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அது சொல்வது ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மட்டுமே. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு அப்படி ஒருவரும் குறிப்பிடப்படவில்லை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், அவ்வளவே. நம் மாநிலத்தில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்கு ஏறத்தாழ 16,500 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்போதும் தொடக்கப் பள்ளியின் சின்னஞ்சிறு வகுப்புகளுக்கு அந்த நன்மை வந்து சேரவில்லை.

இது விந்தையாக இல்லையா? உடலை வளைக்கக்கூடிய வயதில் ஆசிரியர் இல்லை; உடல் ஓரளவு இறுகிய பிறகு ஆசிரியர் வருகிறார். ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920இல். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே உடற்கல்வி ஆசிரியர்கள் பயிற்சி பெற்று வெளியே வருகிறார்கள். உடற்கல்விக்கெனத் தமிழ்நாட்டில் ஒரு தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இவ்வளவு இருந்தும், வேப்பமரத்தடியில் நிற்கும் 42 குழந்தைகளுக்கு மட்டும் ஒருவரும் இல்லை.

அந்தப் பள்ளியின் இரண்டு ஆசிரியைகளையும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஐந்து வகுப்புகளை இருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பதிவேடுகள் எழுதுகிறார்கள். காலை உணவையும் சத்துணவையும் மேற்பார்வை பார்க்கிறார்கள். 2018 முதல் தொடக்கப் பள்ளிகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்க ஆண்டுக்கு 5,000 ரூபாய் மானியம் என்று திட்டம் இருக்கிறது. அங்கும் பீரோவில் புதுப் பந்துகள் உறை பிரிக்காமல் இருந்தன. "காணாமற் போனால் நான்தானே பதில் சொல்ல வேண்டும், கண்ணு?" என்றார் தலைமையாசிரியை. அவர் கவலை நியாயமானதே. ஆனால் பந்து பத்திரமாக இருப்பதற்காகப் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்றே என்று எங்கள் மனம் வருந்தியது.

"பட்டிக்காட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தர வேண்டுமா? அவர்கள்தாம் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கூர்ந்து பார்த்தால் ஓடிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் பையன்கள், அவர்களிலும் வலுத்தவர்கள். பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் தண்ணீர் பிடிக்கவும், தம்பி தங்கையைத் தூக்கிக்கொள்ளவும் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு விளையாடக் கிடைக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம். அங்கும் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 85 பேர் போதிய அளவு உடலை அசைத்து விளையாடுவதில்லை. ஆண்களில் 78 பேர். நாள்தோறும் ஒரு மணி நேரம் உடல் உழைக்க வேண்டும் என்பது அந்நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குக் கூறும் அளவு. எங்கள் வகுப்பில் எத்தனை பேர் அந்த அளவை எட்டுகிறோம்? கையை உயர்த்தச் சொன்னால் யாரும் உயர்த்த மாட்டோம்.

"மைதானம் இல்லையே" என்பது இன்னொரு தடை. 2024 டிசம்பர் முதல் நாளில் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியதை நம் மாவட்டத்தார் மறக்க முடியாது. தாழ்வான இடமெல்லாம் ஏரியாயிற்று. அதுபோன்ற நாட்களிலும், பங்குனி வெயிலிலும் திறந்தவெளியில் ஆட முடியாதுதான். ஆனால் கோட்டின்மேல் நடக்கவும், துணிப் பந்து பிடிக்கவும், கயிறு தாண்டவும் ஒரு வராண்டா போதும். இல்லாத மைதானத்தைவிட இல்லாத பாடவேளைதான் பெரிய குறை.

"ஆசிரியர் கிடைக்கும்வரை என்ன செய்வது?" என்பது நியாயமான கேள்வி. ஜப்பான் நாட்டைப் பார்க்கலாம். அங்கே தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்புக்கு ஆண்டில் 102 பாடவேளையும், இரண்டு முதல் நான்கு வகுப்புகளுக்கு 105 பாடவேளையும் உடற்கல்விக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றைப் பெரும்பாலும் நடத்துபவர் வகுப்பாசிரியரே. கணக்குச் சொல்லிக்கொடுப்பவரே கயிறு தாண்டவும் சொல்லிக்கொடுக்கிறார். நம் மாநிலத்திலும் இது முடியாத காரியமன்று. ஆகையால் நாங்கள் பணிவுடன் கேட்பவை நான்கு.

முதலாவதாக, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் நாள்தோறும் அரைமணி நேரம் விளையாட்டுக்கென மணியடிக்க வேண்டும். 'நேரம் இருந்தால் விளையாடலாம்' என்பது பாடமாகாது. இரண்டாவதாக, அருகருகே உள்ள ஐந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் உடற்கல்வி ஆசிரியையாவது வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளி என்று அவர் வந்து கற்பித்தால், மற்ற நான்கு நாட்களும் வகுப்பாசிரியை அதையே நடத்தலாம். மூன்றாவதாக, பந்து தொலைந்தாலும் கிழிந்தாலும் ஆசிரியையிடம் விளக்கம் கேட்கக் கூடாது. கிழியாத பந்துதான் விளக்கம் கேட்கப்பட வேண்டியது. நான்காவதாக, பெற்றோர்களே, பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்கும்போது, "இன்று என்ன விளையாடினாய்?" என்றும் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்று உணர்ந்துதான் பெருந்தலைவர் காமராசர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். 2022இல் காலை உணவும் தொடங்கி, 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. வயிற்றுக்கு வழி கண்ட நாடு கைகாலுக்கும் வழி காண வேண்டாமா? குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகிறது. 1992இல் நம் நாடும் அதில் இணைந்திருக்கிறது. நமக்கெல்லாம் பழக்கமான புனித ஜான் போஸ்கோ, வித்தைகள் காட்டிச் சிறுவர்களைக் கூட்டினார்; விளையாட்டுத் திடலையே அவர்களுக்குக் கல்விக்கூடமாக்கினார்.

எல்லாப் பிள்ளைகளும் பி.டி. உஷா ஆகவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். உஷா நான்காம் வகுப்பில் படிக்கும்போது தன்னைவிட மூத்த மாணவியை ஓட்டத்தில் வென்றதால்தான் அவர் வேகம் வெளியே தெரிந்தது. அந்தத் தொடக்கப் பள்ளியில் ஓடவிட ஒருவரும் இல்லாதிருந்தால், 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கத்தைத் தவறவிட்ட அந்த ஓட்டத்தை இந்தியா கண்டிருக்குமா?

இறுதியாக, எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனவரி வந்தது. திருப்புதல் தேர்வுகள் வந்தன. எங்கள் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு விட்டுத்தரும்படி நாங்களே போய்க் கேட்டோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே வாரத்தில் வெள்ளிக்கிழமைப் பயணத்தையும் நிறுத்திக்கொண்டோம். தேர்வு முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எங்களுக்கே வேண்டாம் என்று விட்டுவிட்ட ஒன்றைக் குழந்தைகளுக்கு வேண்டும் என்று கேட்க எங்களுக்கு வாய் கூசுகிறது. அதனால்தான் சொல்கிறோம்: இது எங்களைப் போல் வந்து போகிறவர்களின் கருணையில் நடக்க வேண்டிய காரியமன்று. சேவை மனப்பான்மைக்குத் தேர்வு வரும்; விடுமுறை வரும். கால அட்டவணையில் ஏறிய பாடத்துக்கும், அதற்கென நியமிக்கப்பட்ட ஆசிரியைக்குமே நாள்தோறும் மணியடிக்கும்.

நாங்கள் கடைசியாகப் போன வெள்ளிக்கிழமையன்று, ஏழு பேர் வட்டமாக நின்று துணிப் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. இரண்டு முறை பந்தைத் தவறவிட்டாள். மூன்றாம் முறை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துவிட்டு, நம்ப முடியாதவள்போல் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வராண்டாப் படியில் 42 ஜோடிச் செருப்புகள் காவல் இல்லாமல் கிடந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை.

புறப்படும்போது, "அடுத்த வாட்டி எப்பக்கா வருவீங்க?" என்று அவள் கேட்டாள். "பரீட்சை முடிந்ததும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பொதுத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்ததும், எங்கள் வீட்டுக்குப் போகும் முன் அங்கே போவதென்று தீர்மானித்திருக்கிறோம். ஆனால் அதற்கடுத்த ஆண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கேயே ஓர் ஆசிரியை இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

— பத்தாம் வகுப்பு மாணவி